பத்தாவது ஆண்டில் எஞ்சியவர்கள்: கதீட்டர் வழியே பொருத்தப்பட்ட இதய வால்வின் ஆயுளும் நோஷன் ஆய்வும்

2009 டிசம்பர் முதல் 2013 ஏப்ரல் வரை, டென்மார்க்கிலும் சுவீடனிலும் உள்ள 3 மருத்துவமனைகளில், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கிப்போன 280 முதியவர்கள் ஓர் ஆய்வில் சேர ஒப்புக்கொண்டார்கள். 70 வயதுக்குக் குறைந்தவர் எவரும் அதில் சேர்க்கப்படவில்லை. சராசரி வயது 79. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, 145 பேருக்குக் கதீட்டர் (இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக வால்வைப் பொருத்துவது என்றும், 135 பேருக்கு நெஞ்செலும்பைத் திறந்து அறுவை சிகிச்சையில் வால்வை மாற்றுவது என்றும் பிரித்தார்கள். நோஷன் என்ற சுருக்கப் பெயர் கொண்ட அந்த ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2024-ல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளியாயின. அதற்குள் கதீட்டர் பிரிவில் 62.7 சதவீதத்தினரும் அறுவைப் பிரிவில் 64.0 சதவீதத்தினரும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கின்படி, பத்தாவது ஆண்டின் முடிவில் உயிரோடு இருந்தவர்கள் இரு பிரிவிலும் சேர்த்து நூறு பேர் அளவில்தான்.

கதீட்டர் வால்வு எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியைக் குலுக்கல் முறை ஆய்வு ஒன்று பத்தாண்டுக் காலம் முழுவதும் பின்தொடர்ந்தது அதுவே முதல் முறை. கிடைத்த பதில் நல்ல பதில்தான். ஆனால் அது யாரிடமிருந்து கிடைத்தது, எதைக் கணக்கில் கொண்டது, எதை விட்டது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை புரியும். வால்வின் ஆயுளைத் தனியாகவும் நோயாளியின் ஆயுளைத் தனியாகவும் எவராலும் அளந்துவிட முடியாது என்பதே இந்த நிகழ்வை நுணுகிப் படித்ததில் எனக்குத் தெளிவான செய்தி. 60 வயதுக்காரருக்கு இன்று இந்த வால்வைப் பொருத்தலாமா என்று தயங்கும் குடும்பங்கள் பெருகிவரும் காலத்தில் அதை விரிவாக எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன்.

வால்வின் இதழ்கள் எப்படிப் பழுதடைகின்றன

பெருந்தமனி வால்வு, இதயத்தின் இடது கீழறையிலிருந்து இரத்தம் உடலுக்குப் புறப்படும் வாசலில் இருக்கிறது. வயதாக ஆக அதன் மூன்று இதழ்களிலும் கால்சியம் படிந்து, அவை விரியும் தன்மையை இழக்கும்போது மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை தோன்றுகின்றன. அறிகுறிகள் தோன்றிய பிறகு வால்வை மாற்றாமல் விட்டால் நோயாளிகளில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குமேல் பிழைப்பதில்லை. இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது.

மாற்று வால்வு உலோகத்தால் ஆனதாக இருக்கலாம். அது நெடுங்காலம் உழைக்கும், ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றொரு வகை, மாடு அல்லது பன்றியின் இதய உறையையோ பன்றியின் வால்வையோ பதப்படுத்திச் செய்வது. கதீட்டர் வழியாகப் பொருத்தப்படும் வால்வுகள் அனைத்தும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. உலோக வலைக்கூட்டின் உள்ளே இதய உறையிலிருந்து வெட்டியெடுத்த மூன்று இதழ்களைத் தைத்து, முழுவதையும் இறுக்கிச் சுருக்கிக் கதீட்டரின் நுனியில் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் தொடையிலுள்ள தமனி வழியாக இதயம் வரை கொண்டுசென்று, பழைய வால்வின் நடுவிலேயே விரியச் செய்கிறார்கள். சேப்பியன் என்ற வணிகப் பெயர் கொண்ட வால்வுகளைப் பலூன் விரிக்கிறது. நோஷனில் பயன்பட்ட கோர்வால்வ், உடல் வெப்பத்தில் தானாக விரியும் நிட்டினால் உலோகக் கலவையால் ஆனது. அதன் இதழ்கள் பன்றியின் இதய உறையால் ஆனவை.

விலங்குத் திசு அழுகாமலும் உடலால் நிராகரிக்கப்படாமலும் இருக்க அதை குளூட்டரால்டிஹைடு கரைசலில் பதப்படுத்துகிறார்கள். திசுவை உறுதியாக்கும் அதே வேதிப்பொருள், நாளடைவில் கால்சியத்தை ஈர்க்கும் இடங்களையும் அதில் விட்டுவைக்கிறது. திசுவில் எஞ்சியிருக்கும் கொழுப்புப் பொருள்களும் அதற்குத் துணைபோகின்றன. கால்சியம் படிந்த இதழ் விறைத்துப்போகிறது. சில சமயம் கிழிந்தும் போகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளில் வால்வு 1 லட்சம் முறைக்குச் சற்று மேலாகவும், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3.7 கோடி முறையும் திறந்து மூடுகிறது. திசு வால்வு ஒன்று விற்பனைக்கு வருமுன் ஆய்வுக்கூட இயந்திரத்தில் 20 கோடி சுழற்சிகளைத் தாங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர விதி. அந்த எண்ணிக்கை மனித உடலில் ஐந்தரை ஆண்டுகளுக்குச் சமம். அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றி நோயாளிகளின் உடல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இயந்திரத்தில் கால்சியம் படிவதில்லை.

கதீட்டர் வால்வுக்கென்று தனிக் கவலைகளும் உண்டு. மெல்லிய குழாய்க்குள் அடங்க வேண்டும் என்பதால் அதன் இதழ்கள் மெல்லியவை; இறுக்கிச் சுருக்கும்போது திசுவின் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படலாம். மேலும் அறுவை சிகிச்சையில் பழுதான வால்வை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கிறார்கள். கதீட்டர் முறையிலோ கால்சியம் படிந்த பழைய வால்வு அங்கேயே இருக்கிறது. அதன் கரடுமுரடான சுவருக்கு எதிராக விரியும் கூடு சீரான வட்டமாக அமையாமல் போனால், மூன்று இதழ்களும் சமமாகச் சுமையைத் தாங்குவதில்லை. இந்தக் காரணங்களால் கதீட்டர் வால்வு அறுவை வால்வைவிட விரைவில் பழுதடையும் என்று இதய அறுவை மருத்துவர்கள் பலர் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது என்பதால்தான் நோஷனின் முடிவு கவனத்துக்குரியதாகிறது.

ஒத்திவைக்கப்பட்ட கேள்வி

மடித்து எடுத்துச்செல்லக்கூடிய வால்வை முதலில் செய்து பார்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்னிங் ரூட் ஆண்டர்சன். 1989-ல் அவர் அதைப் பன்றிகளில் பொருத்திக் காட்டினார். மனிதரில் முதன்முதலாகப் பொருத்தியவர் பிரான்சின் ரூவான் நகரத்து இதய மருத்துவர் அலன் கிரிபியே. நாள் 2002 ஏப்ரல் 16. நோயாளி 57 வயது ஆண். இதயம் ஏறக்குறைய நின்றுபோகும் நிலையில், காலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்த நிலையில், அறுவை சிகிச்சை செய்ய இயலாது என்று கைவிடப்பட்டவர். பலூனால் வால்வை விரித்துப் பார்த்தும் பலன் நிலைக்கவில்லை. மாட்டு இதய உறையால் செய்த வால்வு பொருத்தப்பட்டதும் அவருடைய இரத்த ஓட்டம் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டது. அடுத்த நான்கு மாதங்களும் வால்வு நன்றாகவே வேலை செய்தது. எனினும் கால் அகற்றப்பட்டு, புண் ஆறாமல், தொற்று பரவி, 17 வாரங்களில் அவர் இறந்துபோனார்.

இந்த முதல் நிகழ்விலேயே பின்னால் வரப்போகும் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வால்வு நன்றாக இருந்தது, நோயாளி இல்லை. அந்த வால்வு எத்தனை ஆண்டு உழைத்திருக்கும் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. தொடக்க காலத்தில் இந்தச் சிகிச்சை, அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களுக்கு மட்டுமே தரப்பட்டது. அமெரிக்காவில் 2011-ல் கிடைத்த முதல் அனுமதியும் அவர்களுக்கானதே. சேப்பியன் வால்வுகளைச் சோதித்த பார்ட்னர் என்ற ஆய்வுத் தொடரில், அறுவை அபாயம் மிகுந்த 699 பேரைக் கொண்ட முதல் ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் கதீட்டர் பிரிவில் 67.8 சதவீதத்தினரும் அறுவைப் பிரிவில் 62.4 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். வால்வு சிதைந்ததால் மறு அறுவை தேவைப்பட்டவர் எவரும் இல்லை. அந்த வெறுமையைச் சாதனை என்று படிப்பவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை, வால்வு சிதைவதற்குப் போதிய காலம் அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை என்பதே அதன் முதற்பொருள்.

பிறகு வாசல் படிப்படியாக அகன்றது. அமெரிக்காவில் 2016-ல் நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கும், 2019-ல் குறைந்த அபாயம் உள்ளவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. நோயாளிகளின் வயது குறையக் குறைய, அதுவரை ஒத்திவைத்த கேள்வியை இனியும் ஒத்திவைக்க முடியாமல் போயிற்று.

பாரிஸ், 2016

அந்த ஆண்டு மே மாதம் பாரிஸில் நடந்த மருத்துவ மாநாட்டில், கனடாவின் வான்கூவரிலும் ரூவானிலும் தொடக்க காலத்தில் பொருத்தப்பட்ட வால்வுகளைப் பற்றிய ஒரு பகுப்பாய்வை டானி டிவிர் என்ற மருத்துவர் முன்வைத்தார். எட்டாவது ஆண்டில் ஏறத்தாழ பாதி வால்வுகள் சிதைவின் அடையாளங்களைக் காட்டும் என்பது அதன் மதிப்பீடு. அரங்கில் பெரும் பரபரப்பு எழுந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018-ல், ரூவான் குழுவினர் 2002 முதல் 2012 வரை தங்களிடம் சிகிச்சை பெற்ற 378 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். எட்டாண்டில் கட்டமைப்புச் சிதைவு 3.2 சதவீதம், வால்வு முழுதாகச் செயலிழந்தது 0.58 சதவீதம்.

ஒரே தலைமுறை வால்வுகள், ஒரு பகுதி ஒரே மருத்துவமனையின் நோயாளிகள். ஒரு கணக்கில் பாதி, மற்றதில் முப்பதில் ஒன்று. இரண்டில் எதுவும் பொய்யில்லை. வித்தியாசம் இரண்டு இடங்களில் பிறந்தது.

முதலாவது, எதைச் சிதைவு என்று அழைப்பது என்பது. 2016 பகுப்பாய்வில், வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 20 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டாலோ, மிதமான அளவில் இரத்தம் பின்னோக்கிக் கசிந்தாலோ, அது சிதைவாகக் கொள்ளப்பட்டது. பொருத்திய காலத்திலேயே அழுத்த வேறுபாடு சற்று அதிகமாக இருந்த வால்வில் சிறிய ஏற்றம் வந்தாலும் அந்த எல்லை கடக்கப்பட்டுவிடும். 2017-ல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் கூடிப் பொது வரையறை ஒன்றை வகுத்தன. பொருத்திய பின் எடுத்த முதல் எக்கோவோடு (ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) ஒப்பிட்டு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கும் அதில் இடம் தரப்பட்டது. 2021-ல் அது மேலும் செம்மையாக்கப்பட்டது. ரூவான் குழு 2017-ன் வரையறையைப் பின்பற்றியது.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் ஆழமானது. இறந்தவர்களை என்ன செய்வது என்பது அது. 100 பேருக்கு வால்வு பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்குள் 60 பேர், வால்வு நல்ல நிலையில் இருக்கும்போதே வேறு காரணங்களால் இறந்துவிடுகிறார்கள். பிழைத்திருக்கும் 40 பேரில் 4 பேருக்கு வால்வு பழுதாகிறது. நூற்றுக்கு நான்கு என்று ஒருவர் சொல்வார். இறந்த 60 பேரும் வாழ்ந்திருந்தால் அவர்களுடைய வால்வுகளும் இதே வீதத்தில் பழுதாகியிருக்குமே என்று எண்ணி, நூற்றுக்குப் பத்து என்று மற்றவர் சொல்வார். முதற்கணக்கு, 79 வயதில் வால்வு பெறுபவர் தன் வாழ்நாளில் சிதைவைச் சந்திக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்விக்குச் சரியான விடை. இரண்டாவது, வால்வு என்ற பொருளின் உறுதி என்ன என்ற கேள்விக்கு நெருக்கமான விடை. ஆனால் பிந்தைய கணக்கில், கடைசி ஆண்டுகளில் எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலராக இருக்கும்போது, ஒரே ஒருவரின் வால்வு பழுதானாலும் வரைகோடு செங்குத்தாகச் சரிந்துவிடும். பாரிஸில் நடந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தொல்லை இருப்பவரே பரிசோதனைக்கு வருவார், நலமாக இருப்பவர் வருவதில்லை என்ற வழக்கமும் அத்தகைய கணக்குகளைச் சிதைவின் பக்கம் சாய்த்துவிடுகிறது.

ஒரு மருத்துவர் நோயாளியிடம் ஒரு சதவீதத்தைச் சொல்லும்போது இந்த இரு கணக்குகளில் எது என்று சேர்த்துச் சொல்வது அரிது. சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 80 வயதுத் தாத்தாவுக்கு முதற்கணக்கு போதும். 62 வயதில், இன்னும் இருபது ஆண்டு வாழ எதிர்பார்க்கும் ஒருவருக்கு அந்தக் கணக்கு தவறான நிம்மதியைத் தந்துவிடும்.

நோஷன் சொன்னது

நோஷனின் சிறப்பு, அதில் சேர்ந்தவர்கள் வயதானவர்களாக இருந்தாலும் பெரும்பாலும் குறைந்த அறுவை அபாயம் கொண்டவர்கள் என்பது. அறுவை சிகிச்சையில் இறக்கும் வாய்ப்பைக் கணிக்கும் அமெரிக்க மதிப்பெண் அவர்களுக்குச் சராசரியாக 3 சதவீதம். அபாயம் மிகுந்தவர்களிலேயே எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்த 2009-ல் இப்படி ஓர் ஆய்வைத் தொடங்க ஸ்காண்டிநேவிய மருத்துவர்களுக்குத் துணிவு இருந்திருக்கிறது. ஒரே வகை நோயாளிகளை இரு சிகிச்சைகளுக்கும் பிரித்துக் கொடுத்து, இரு பிரிவையும் ஒரே கால இடைவெளியில் எக்கோ எடுத்துப் பார்த்ததால், மேலே சொன்ன கணக்குச் சிக்கல்கள் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி பாதித்தன. எனவே ஒப்பீடு நேர்மையானது.

பத்தாண்டு முடிவில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் இரு பிரிவிலும் 65.5 சதவீதம். வால்வின் கடுமையான கட்டமைப்புச் சிதைவு கதீட்டர் பிரிவில் 1.5 சதவீதம், அறுவைப் பிரிவில் 10.0 சதவீதம். ஆட்களாகச் சொன்னால், ஒரு பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் பதின்மூன்று பேர் அளவில். வால்வு செயலிழப்பு, அதாவது சிதைவால் இறப்பது, மறு வால்வு தேவைப்படுவது, கடுமையான சிதைவு நிலையை அடைவது போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தால், 9.7 சதவீதமும் 13.8 சதவீதமும், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவிலானது. வால்வில் தொற்று ஏற்பட்டது 7.2 சதவீதம், 7.4 சதவீதம், ஏறக்குறைய சமம்.

இதே ஆய்வின் எட்டாண்டு அறிக்கை, மிதமான சிதைவையும் சேர்த்துக் கணக்கிட்டு, கதீட்டர் பிரிவில் 13.9, அறுவைப் பிரிவில் 28.3 சதவீதம் என்று சொல்லியிருந்தது. எட்டாண்டில் 13.9 ஆக இருந்தது பத்தாண்டில் 1.5 ஆக எப்படிக் குறையும் என்று வாசகர் திகைக்க வேண்டாம். வரையறை மாறியது, மிதமானவை நீங்கி, கடுமையானவை மட்டும் நின்றன. புதிய வரையறைப்படி கடுமையான சிதைவு என்றால், அழுத்த வேறுபாடு முதல் எக்கோவைவிட 20 மில்லிமீட்டராவது கூடி, 30-ஐயாவது தொட்டிருக்க வேண்டும். அல்லது புதிதாகக் கடும் கசிவு தோன்றியிருக்க வேண்டும்.

கோர்வால்வ் ஏன் இவ்வளவு நன்றாகத் தாங்கியது என்பதற்கு அதன் வடிவத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. அதன் கூடு வால்வு வளையத்தில் ஊன்றி நின்றாலும், இதழ்கள் வளையத்துக்கு மேலே, சற்று விசாலமான இடத்தில் இயங்குகின்றன. இரத்தம் போகும் வழி அகலமாக இருப்பதால் அழுத்த வேறுபாடு தொடக்கத்திலிருந்தே குறைவு. இதழ்களின்மேல் விழும் சுமையும் குறைவாக இருக்கலாம். அறுவை வால்விலோ, தைப்பதற்கான வளையமும் சட்டமும் வழியின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டு முடிவில், கதீட்டர் பிரிவில் 43.7 சதவீதத்தினருக்குப் புதிதாகப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது. அறுவைப் பிரிவில் 8.7 சதவீதம். நீண்ட கூடு இதயத்தின் மின்கடத்துப் பாதையை அழுத்துவதே இதற்குக் காரணம். வால்வில் மிதமான அல்லது கடுமையான அளவில் இரத்தம் பின்னோக்கிக் கசிவது 8.2 சதவீதத்தினரிடம் இருந்தது. அறுவைப் பிரிவில் எவரிடமும் இல்லை. இதழ்கள் பழுதாகவில்லை என்பது உண்மை. ஆனால் பேஸ்மேக்கரோடும் கசிவோடும் பத்தாண்டு வாழ்வதை, சிதைவு என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் வரும் சதவீதம் காட்டுவதில்லை. பின்னர் வந்த வால்வுகளில் கூட்டின் வெளிப்புறத்தில் உறை சேர்த்தும், பொருத்தும் முறையைத் திருத்தியும் இரண்டையும் வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள்.

எதனோடு ஒப்பிட்டார்கள்

நோஷனுக்கு எழுந்த மிக வலுவான எதிர்வாதம் அறுவைப் பிரிவைப் பற்றியது. அங்கே பயன்பட்ட வால்வுகளில் ட்ரைஃபெக்டா, மிட்ரோஃப்ளோ ஆகிய இரண்டும் கணிசமாக இருந்தன. இரண்டிலும் இதய உறை சட்டத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். வழி அகலமாகக் கிடைக்கும் என்பது அந்த வடிவமைப்பின் நோக்கம். நாளடைவில் அவை எதிர்பார்த்ததைவிட விரைவில் பழுதடைவது தெரியவந்தது. ட்ரைஃபெக்டா குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டில் அது விற்பனையிலிருந்து விலகியது. ஆக, கோர்வால்வ் வென்றது அறுவை வால்வுகளில் சிறந்தவற்றை அல்ல என்று அறுவை மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

சிறந்த அறுவை வால்வு எப்படித் தாங்கும் என்பதற்கு பிரான்சின் தூர் நகரம் சான்று தருகிறது. அங்கே பெரிமவுண்ட் வகை வால்வு பொருத்தப்பட்ட 2,659 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து, 2015-ல் வெளியிட்ட அறிக்கை, அதன் எதிர்பார்ப்பு ஆயுளை 19.7 ஆண்டு என்று மதிப்பிட்டது. 60 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் அது முன்னதாகவே பழுதடைந்தது. இளம் உடலில் கால்சியம் விரைவாகப் படிகிறது என்பது அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. கதீட்டர் வால்வில் மட்டும் அந்த விதி மாறும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தலைமுறைக்குத் தலைமுறை வால்வு மாறுவதையும் மறக்கக் கூடாது. பார்ட்னர் தொடர் ஆய்வுகளில், சேப்பியன் வால்வின் இரண்டாம் தலைமுறையில் 100 நோயாளி-ஆண்டுகளுக்கு, அதாவது 100 பேரை ஓராண்டு பின்தொடர்வதற்குச் சமமான காலத்துக்கு, 1.61 சிதைவுகள் பதிவாயின. அறுவை வால்வில் 0.63. மூன்றாம் தலைமுறையில் அது 0.68 ஆகக் குறைந்து, அறுவை வால்வுக்குச் சமமாக வந்தது. வணிகப் பெயர் அதேதான், விளைவு வேறு. இதனால் ஒரு தீராத சங்கடம்: பத்தாண்டு முடிவு கையில் கிடைக்கும்போது, சோதிக்கப்பட்ட வால்வு வழக்கொழிந்து போயிருக்கிறது. நோஷனின் கோர்வால்வுக்குப் பிறகு அதன் வழித்தோன்றல்கள் பல வந்துவிட்டன.

இரண்டாவது வால்வு

65 வயதில் பொருத்திய வால்வு 78-ல் பழுதானால் என்ன செய்வது? பழையதற்குள் புதிய கதீட்டர் வால்வை வைப்பதே பலரும் எதிர்பார்க்கும் வழி. பலருக்கு அது இயலும். ஆனால் கோர்வால்வ் போன்ற உயரமான கூட்டுக்குள் மற்றொன்றை விரிக்கும்போது, பழைய இதழ்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டுக் கூட்டோடு ஒட்டி, ஒரு குழாய்ச் சுவர்போல நின்றுவிடுகின்றன. இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரித் தமனிகளின் வாய்கள் அந்தச் சுவருக்கு வெளியே அகப்பட்டுக்கொண்டால், இரத்தம் போவது தடைப்படலாம். பின்னாளில் மாரடைப்பு வந்தால் ஸ்டென்ட் வைக்கக் கதீட்டர் நுழைய வழியில்லாமலும் போகலாம். எந்த நோயாளிக்கு இந்த ஆபத்து என்பதை முதல் வால்வை வைக்கும் முன்பே சிடி ஸ்கேனில் ஓரளவு கணிக்க முடியும்.

அந்த வழி அடைபட்டவர்களுக்கு நெஞ்சைத் திறந்து வால்வை அகற்றுவதே மிச்சம். பன்னாட்டுப் பதிவேடு ஒன்றில் இவ்வாறு கதீட்டர் வால்வு அகற்றப்பட்ட 269 பேரில் 13.1 சதவீதத்தினர் 30 நாளுக்குள்ளும், 28.5 சதவீதத்தினர் ஓராண்டுக்குள்ளும் இறந்தார்கள். அவர்களில் பலருக்கு வால்வில் தொற்று இருந்தது என்பதால், சிதைவுக்காக மட்டும் அகற்றுவதன் அபாயம் இதே அளவு என்று கொள்ள முடியாது. இருந்தாலும், பெருந்தமனியின் சுவரோடு வளர்ந்து ஒட்டிவிட்ட கூட்டைப் பிரித்தெடுப்பது கடினமான அறுவை என்பதில் சந்தேகமில்லை. இளைய நோயாளிக்கு வால்வின் ஆயுளைப் பற்றிப் பேசும் மருத்துவர், அடுத்து என்ன செய்வோம் என்ற திட்டத்தையும் முதல் சந்திப்பிலேயே விளக்க வேண்டும். பல குடும்பங்கள் அதைக் கேட்பதில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாததே காரணம்.

எல்லைகள் நகர்கின்றன

2020-ன் அமெரிக்க வழிகாட்டுதல், 65 வயதுக்குக் கீழ் அறுவை சிகிச்சையையும் 80-க்கு மேல் கதீட்டர் முறையையும் பரிந்துரைத்து, இடைப்பட்டவர்களை மருத்துவரும் நோயாளியும் கலந்து தீர்மானிக்கும்படி விட்டது. 2021-ல் ஐரோப்பா 75 வயதை எல்லையாக வைத்தது. 2025-ல் அது 70 ஆகக் குறைந்தது. சராசரி 79 வயதுடைய நோஷன் நோயாளிகளின் அனுபவம் இந்த எல்லைகளில் மேற்பகுதிக்கு உறுதியான ஆதாரம். 70-க்குக் கீழ் அது மெலிந்துபோகிறது.

பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்களோடு அமைந்த வால்வு கொண்டவர்கள் நோஷனில் இல்லை. இளம் வயதில் வால்வு சுருங்கிச் சிகிச்சைக்கு வருபவர்களில் இவர்கள் பெரும் பங்கினர். அதே குழுவினர் நடத்திய நோஷன்-2, 75 வயது வரையுள்ள 370 பேரைச் சேர்த்தது. அவர்களில் 100 பேர் ஈரிதழ் வால்வு கொண்டவர்கள். ஓராண்டு முடிவில் மரணம், பக்கவாதம், மறு மருத்துவமனைச் சேர்ப்பு ஆகியவற்றைச் சேர்த்த கணக்கு கதீட்டர் பிரிவில் 10.2 சதவீதம், அறுவைப் பிரிவில் 7.1. ஈரிதழ் வால்வு உள்ளவர்களில் மட்டும் பார்த்தால் 14.3, 3.9. எண்ணிக்கை சிறியது; புள்ளியியல் அளவில் உறுதியான தீர்ப்பாக இதைக் கொள்ள முடியாது. ஆயினும், நோஷனின் 1.5 சதவீதத்தை இந்த நோயாளிகளுக்கு எடுத்துச்சொல்லத் துணியும் எவரையும் இது தடுத்து நிறுத்த வேண்டும். அந்த ஓராண்டு முடிவுகளை வைத்து ஆயுளைப் பற்றிப் பேச இடமில்லை.

இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது மூன்றாவது பார்ட்னர் ஆய்வு. குறைந்த அபாயமுள்ள 1,000 பேர், சராசரி வயது 73, மூன்றாம் தலைமுறைச் சேப்பியன். ஐந்தாண்டு முடிவில் வால்வு செயலிழப்பு கதீட்டர் பிரிவில் 3.3 சதவீதம், அறுவைப் பிரிவில் 3.8. வால்வில் இரத்தம் உறைந்தது மட்டும் கதீட்டர் பிரிவில் அதிகம், 2.5 சதவீதம், எதிர்ப்பக்கம் 0.2. உறைந்த இரத்தம் இதழைத் தடிக்கச் செய்து பிற்காலச் சிதைவுக்கு வித்திடுகிறதா என்பதுதான் இனி வரும் ஆண்டுகளின் எக்கோக்களில் முதலில் தேட வேண்டியது. அந்த ஆய்வில் நோயாளிகளைச் சேர்ப்பது 2017 அக்டோபரில் முடிந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் தன் பத்தாவது ஆண்டை 2027 அக்டோபரில் நிறைவு செய்வார். அன்று, சேர்ந்த காலத்தில் 73 ஆக இருந்த சராசரி நோயாளிக்கு வயது 83 ஆகியிருக்கும்.